மொழியை மாற்றினால் தேதி என்ன ஆக வேண்டும்? மேசைக்கணினி மென்பொருளில் உள்ள வழிகளின் ஒப்பீடு

2023 மே 27 அன்று ஒரு குழந்தை பிறந்தது. ஆறாவது வாரத் தடுப்பூசிக்காக 42 நாள் கூட்டினால் ஜூலை 8 வரும். ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த மென்பொருள் அதைச் சரியாகவே கணக்கிட்டது, தரவுத்தளத்திலும் சரியாகவே பதிந்தது. ஆனால் பெற்றோர் கையில் கொடுக்கும் அட்டையில் 7/8/23 என்று அச்சடித்தது. தாய் அதை நம் வழக்கப்படி ஆகஸ்ட் 7 என்று படித்தார். அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் பத்தாவது வார ஊசிக்கான ஆகஸ்ட் 5-உம் கடந்துவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. அன்று காலை வரவேற்பு மேசையில் இருந்தவர் திரையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தார். எங்கள் நிரல், சாளரங்களையும் பொத்தான்களையும் உருவாக்க உதவும் க்யூட் (Qt) நூலகத்தில் எழுதப்பட்டது. மொழி மாறியதும் அதற்கேற்ற வட்டார அமைப்பை (locale), அதாவது தேதி, நேரம் எழுதும் வழக்கங்களின் தொகுப்பை, கேட்டு வாங்கும். "ஆங்கிலம்" என்று மட்டும் கேட்டால் க்யூட் தருவது அமெரிக்க ஆங்கிலம். அதில் மாதம் முன்னால், நாள் பின்னால். ஒரே நாளுக்கு மூன்று அமைப்புகள் தரும் குறுகிய வடிவங்களைப் பாருங்கள்:

தமிழ், இந்தியா: 8/7/23
ஆங்கிலம், இந்தியா: 08/07/23
ஆங்கிலம், அமெரிக்கா: 7/8/23

மூன்றாவது வரியைப் பார்க்கும் யாருக்கும் அது பிழை என்று தோன்றாது. அது ஒழுங்கான ஒரு தேதி. வேறொரு நாளைக் குறிக்கிறது, அவ்வளவுதான். பிழைச் செய்தி வராது, நிரல் நிற்காது. நாளின் எண் 12-க்கு மேல் இருந்தால் மட்டுமே கண்ணில் படும். ஓர் ஆண்டில் நாள் எண் 12 அல்லது அதற்குக் கீழ் இருப்பவை 144 நாட்கள். 1/1, 2/2 போல இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் 12-ஐக் கழித்தால் 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நாட்களை மாற்றிப் படிக்க இடமிருக்கிறது.

அதன் பிறகு இந்த விஷயத்தில் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். தமிழையும் ஆங்கிலத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருளை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த முடிவை எடுத்தாக வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வடிவத்தை நிரலிலேயே பூட்டிவிடுதல்

நாள்/மாதம்/ஆண்டு என்று ஒரே வடிவத்தை எழுதிவைத்து, எந்த மொழிக்கும் அதையே காட்டுவது. ஓர் ஊருக்குள், ஒரே அலுவலகத்துக்குள் ஓடும் மென்பொருளுக்கு இது கெட்ட வழி அல்ல. மொழி மாறினாலும் எண்களின் வரிசை மாறாது. எங்களுக்கு நேர்ந்த விபத்து இதில் நேர்ந்திருக்காது. மாதப் பெயர் தேவைப்படும்போதுதான் குறை தெரியும். க்யூட்டின் 5-ஆம் பதிப்பில் தேதி வகையிடம் வடிவத்தைக் கொடுத்து நேரடியாகச் சரம் (எழுத்துத் தொடர்) கேட்டால், மாதப் பெயர் இயங்குதளத்தின் மொழியில் வரும். க்யூட் 6-இல் அதே வரி எப்போதும் ஆங்கிலப் பெயரைத் தரும். பதிப்பை உயர்த்திய அன்றே தமிழ்த் திரையின் நடுவில் ஆங்கில மாதங்கள் முளைக்கும். மாதப் பெயர் வேண்டுமென்றால் வட்டார அமைப்பின் வழியாகக் கேட்பதே சரி.

ஐஎஸ்ஓ 8601

தேதி எழுதுவதற்கான உலகத் தரம் இது: 2023-07-08. ஆண்டு, மாதம், நாள். இதை மாற்றிப் படிக்க வழியில்லை. எழுத்து வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும். தரவுத்தளத்தில், கோப்புப் பெயரில், இரண்டு நிரல்களுக்கு இடையிலான பரிமாற்றத்தில் நான் வேறு எதையும் ஏற்பதில்லை. அரசு அலுவலகக் கடிதங்களில் ஆண்டை முதலில் எழுதும் பழக்கம் உள்ள இலங்கையில் இது திரையிலும் இயல்பாகவே இருக்கும். தமிழ்நாட்டில் வரவேற்பு மேசையில் நிற்கும் பெற்றோருக்கு இது ஏதோ ரசீது எண் போலத் தெரியும். மனிதர்கள் படிக்க வேண்டிய இடத்தில் இதை வைப்பது, நிரலாளரின் வசதியைப் பயனர் மேல் ஏற்றுவதாகும்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் வடிவத்தைச் சேர்த்தல்

மொழிபெயர்க்க வேண்டிய மற்றச் சொற்றொடர்களோடு தேதி வடிவத்தையும் ஒரு வரியாக வைத்து, ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் தம் மொழிக்கு ஏற்றதை எழுதட்டும் என்று விடுவது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த வரியில் இருப்பவை சொற்கள் அல்ல, குறியீடுகள். க்யூட்டில் பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். மொழிபெயர்ப்பாளர் கை தவறி ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால், தேதியும் நேரமும் சேர்ந்து வரும் இடத்தில் மாதத்துக்குப் பதில் நிமிடம் வந்து உட்காரும். இன்னும் சிலர் அந்தக் குறியீட்டெழுத்துகளையே தமிழாக்கிவிடுவார்கள். வேலையைப் பற்றி யாரும் விளக்காதபோது அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் தேதியைச் சுற்றியுள்ள வாக்கியம் முழுக்க முழுக்க மொழிபெயர்ப்பாளருக்கு உரியது. ஆங்கிலத்தில் தேதிக்கு முன்னால் ஒரு சொல் வந்தால் போதும். தமிழில் வேற்றுமை உருபு பின்னால் ஒட்டும்: "ஜூலை 8-க்குள்", "ஆகஸ்டுக்குள்", "2023-இல்". வடிவம் மாறும்போது தேதியின் கடைசித் துண்டு எண்ணாகவும் இருக்கலாம், சொல்லாகவும் இருக்கலாம். அதனால் உருபைத் தேதியோடு ஒட்டாமல் தனிச் சொல்லில் ஏற்றுவதே பாதுகாப்பு. "8 ஜூலை 2023 அன்று வரவும்", "8 ஜூலை 2023 தேதிக்குள் செலுத்தவும்" என்று எழுதினால் நடுவில் எந்த வடிவம் வந்தாலும் வாக்கியம் உடையாது. இலங்கைப் பதிப்பில் "தேதி" "திகதி" ஆகும் என்பதையும் அந்தக் கோப்பே பார்த்துக்கொள்ளும்.

திரை மொழியே தேதியையும் தீர்மானிப்பது

நாங்கள் முதலில் செய்தது இதுதான். பெரும்பாலான பயிற்சிக் குறிப்புகளும் இதைத்தான் காட்டுகின்றன: மொழியைத் தேர்ந்தெடு, அதற்கான வட்டார அமைப்பை வாங்கு, எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்து. அழகான நிரல், இரண்டே வரிகள்.

இதன் தவறு கருத்திலேயே இருக்கிறது. மாதத்துக்கு என்ன பெயர் என்பது மொழியின் வேலை. நாள் முதலிலா மாதம் முதலிலா, வாரம் ஞாயிற்றில் தொடங்குமா திங்களில் தொடங்குமா, மணி 12 வரைக்குமா 24 வரைக்குமா என்பவை ஊரின் வழக்கம். மதுரையில் இருப்பவர் திரையை ஆங்கிலத்துக்கு மாற்றினால் அவர் சிகாகோவுக்குக் குடிபோய்விட்டார் என்று பொருளல்ல. அவர் கேட்டது ஆங்கிலச் சொற்களை மட்டும்.

எதிர்ப்பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. "தமிழ்" என்று மட்டும் கேட்டால் நூலகங்கள் தருவது இந்தியத் தமிழ். யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் (CLDR) என்ற வட்டார வழக்கங்களின் தரவுத் தொகுப்பில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு வட்டாரங்கள் உள்ளன. இந்தியாவுக்கு 12 மணிக் கணக்கு, இலங்கைக்கு 24. வாரத்தின் முதல் நாள் இந்தியாவுக்கு ஞாயிறு, இலங்கைக்குத் திங்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள பயனருக்குத் தமிழ் என்ற பெயரில் இந்திய நாட்காட்டியைக் காட்டுவதும், மதுரைக்கு அமெரிக்கத் தேதியைக் காட்டுவதும் ஒரே வகைப் பிழைதான்.

இயங்குதளத்தின் அமைப்பைப் பின்பற்றுதல்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் காட்சி மொழி வேறு, வட்டார வடிவம் வேறு. பயனர் அங்கே ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருக்கிறார், அதை மதிப்போம் என்பது இந்த வழியின் அடிப்படை. பொதுமக்கள் தாமே நிறுவிக்கொள்ளும் மென்பொருளுக்கு இதுவே நல்ல தொடக்கம். மற்ற நிரல்களில் பார்க்கும் அதே தேதி இதிலும் இருக்கும். மொழி மாறினாலும் வரிசை மாறாது.

நடைமுறையில் இரண்டு தடைகளைப் பார்த்தேன். ஒன்று, பல அலுவலகக் கணினிகளில் அந்த முடிவை யாருமே எடுத்ததில்லை. விண்டோஸை நிறுவியவர் முதல் திரையில் வந்த அமெரிக்க ஆங்கிலத்தை அப்படியே விட்டு அடுத்த பொத்தானை அழுத்தியிருப்பார். ஒரே மருத்துவமனையில் மருந்தகக் கணினி ஒரு வரிசையிலும் வரவேற்பு மேசைக் கணினி வேறொரு வரிசையிலும் தேதி காட்டும். பொருள் ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் இதை ஏற்க முடியாது. இரண்டு, மாதப் பெயரும் இயங்குதளத்தின் மொழியிலேயே வரும். திரையெல்லாம் தமிழாக இருக்க, தேதி மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும்.

மொழியையும் வட்டாரத்தையும் பிரித்து வைத்தல்

நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது. பயனர் எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாலும், வட்டாரம் நிறுவலின்போது ஒருமுறை தீர்மானிக்கப்பட்டு அப்படியே நிற்கும். தமிழ் என்றால் தமிழ்–இந்தியா, ஆங்கிலம் என்றால் ஆங்கிலம்–இந்தியா. பெயர்கள் மொழியிலிருந்து, வரிசை வட்டாரத்திலிருந்து. க்யூட்டில் வட்டார அமைப்பை உருவாக்கும்போது மொழியோடு நாட்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். எங்கள் நிரலில் திருத்தம் ஒரே ஒரு வரி.

வெவ்வேறு தொழில்நுட்பக் குடும்பங்கள் தனித்தனியாக இதே பிரிவினைக்கு வந்திருப்பது என் நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. லினக்ஸ் போன்ற போசிக்ஸ் அமைப்புகளில் செய்திகளின் மொழிக்கு ஒரு மாறி, தேதி நேரத்துக்கு வேறொரு மாறி. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் (வட்டார அமைப்பை அது "பண்பாடு" என்கிறது) இடைமுகப் பண்பாடு தனி, வடிவமைப்புப் பண்பாடு தனி. ஜாவா நிரல்மொழியில் 7-ஆம் பதிப்பிலிருந்து இயல்புநிலை வட்டாரத்தைக் காட்சிக்கும் வடிவத்துக்கும் தனித்தனியாக அமைக்கலாம். லிப்ரெஆபிஸ் அலுவலக மென்பொருளின் அமைப்புகளில் இடைமுக மொழிக்கும் வட்டாரத்துக்கும் தனித்தனிப் பெட்டிகள் உள்ளன. எந்தெந்த வடிவில் தட்டச்சு செய்தால் தேதியாக ஏற்பது என்பதற்கு மூன்றாவது பெட்டியும் உண்டு. அந்த மூன்றாவது பெட்டியைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஆனால் பிரிவினை இருக்கிறது என்பதாலேயே அது வேலை செய்துவிடாது. டாட்நெட்டில் சாளரங்களை வரையும் டபிள்யூபிஎஃப் (WPF) இடைமுகத்தில் நீங்கள் பண்பாட்டைச் சரியாக அமைத்தாலும், திரையில் தரவைப் பிணைத்து வடிவமைக்கும் இடங்கள் அதைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு உறுப்பின் மொழிப் பண்பும் வேறொன்று சொல்லாத வரை அமெரிக்க ஆங்கிலம்தான். அதைத் தொடக்கத்திலேயே மாற்றி எழுத வேண்டும். க்யூட்டிலும் ஒரு குழி இருக்கிறது: இயல்புநிலை வட்டாரத்தை மாற்றினால் அதற்குப் பிறகு பிறக்கும் சாளரங்களுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே திறந்திருப்பவை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். மேல்நிலைச் சாளரத்தில் வட்டாரத்தை வெளிப்படையாக அமைத்தால்தான் அது உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கும் இறங்கும்.

மேலும், எல்லா இணைகளும் தரவுத் தொகுப்பில் இருப்பதில்லை. டொராண்டோவில் உள்ள தமிழருக்காகத் தமிழ்–கனடா என்று கேட்டால், அப்படி ஒரு பதிவு இல்லாததால் க்யூட் சத்தமில்லாமல் இந்தியத் தமிழைத் தரும். அப்படிப்பட்ட இணைகளுக்கு வரிசையை நீங்களே எழுதி, மாதப் பெயர்களை மட்டும் தமிழிலிருந்து எடுக்க வேண்டும்.

தரவுத் தொகுப்பு சொல்வதையெல்லாம் கேட்க வேண்டுமா?

பெரும்பாலும் ஆம், அட்டையில் அச்சிடும்போது இல்லை. சிஎல்டிஆர் தரும் தமிழ் நீள வடிவம் "8 ஜூலை, 2023". மாதத்துக்குப் பின் வரும் அந்தக் காற்புள்ளி நம் அச்சு மரபில் உறுத்துகிறது. "8 ஜூலை 2023" என்றோ "2023 ஜூலை 8" என்றோதான் நாம் எழுதுவோம். மிகக் குறுகிய மாத வடிவமோ ஜூன், ஜூலை இரண்டுக்கும் "ஜூ" என்ற ஒரே எழுத்து. வரைபட அச்சில் அடுத்தடுத்து நிற்கும்போது வேண்டுமானால் புரியும். தனியாக ஒரு தேதியில் வந்தால் எந்த மாதம் என்று யார் சொல்ல முடியும்? குறுகிய வடிவத்தின் இரண்டு இலக்க ஆண்டும் எனக்கு வேண்டாம்.

நாங்கள் அட்டைக்குத் தேர்ந்தது முழு மாதப் பெயரும் நான்கு இலக்க ஆண்டும் கிழமையும்: "8 ஜூலை 2023, சனிக்கிழமை". கிழமைதான் இதில் உயிர். நம் ஊரில் பெரும்பாலான தாய்மார் மனதில் நிறுத்துவது எண்ணை அல்ல, "சனிக்கிழமை வரச் சொன்னார்கள்" என்பதை. எண்ணும் கிழமையும் பொருந்தவில்லையென்றால் வீட்டில் தொங்கும் நாட்காட்டியே காட்டிக்கொடுத்துவிடும். 2023 ஆகஸ்ட் 7 திங்கட்கிழமை. அன்றைய அட்டையில் கிழமை இருந்திருந்தால் அந்தத் தாய்க்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும், கேட்டிருப்பார்.

நேரத்துக்கும் இதே கவனம் வேண்டும். தமிழில் பொழுது முன்னால் வரும்: "மாலை 4:30". எண்ணை எழுதிவிட்டுப் பின்னால் பொழுதை ஒட்டும் நிரல், எவ்வளவு நல்ல சொல்லைப் போட்டாலும் தமிழாகாது. யூனிகோடில் தமிழுக்கென்று நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵ என்ற குறிகளே இருக்கின்றன. பழைய ஆவணங்களைப் பதிப்பிக்கும் மென்பொருளில் அவற்றைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். தடுப்பூசி அட்டைக்கு அவை உதவா.

திரை மொழியும் அட்டை மொழியும்

திருத்தும்போதுதான் இன்னொன்று புலப்பட்டது. வரவேற்பு மேசையில் இருப்பவர் ஏன் ஒரு நாளைக்கு இத்தனை முறை மொழியை மாற்றினார்? அவருக்கு எந்த மொழியும் போதும். எதிரில் நிற்கும் குடும்பத்துக்கு அட்டை எந்த மொழியில் வேண்டுமோ, அதற்காகத்தான் மாற்றிக்கொண்டிருந்தார். அட்டையின் மொழி அந்தக் குடும்பத்தின் பதிவில் இருக்க வேண்டிய விவரம். அதை அங்கே வைத்து, அச்சிடும் பகுதி திரையைப் பார்க்காமல் அந்தப் பதிவைப் பார்க்கும்படி செய்தோம். மொழி மாற்றும் பொத்தானைத் தொடும் தேவையே பெரும்பாலும் போய்விட்டது.

இதனால் இன்னொரு விவாதமும் எளிதாயிற்று. மொழியை ஓடும்போதே மாற்றுவதா, மறுதொடக்கம் கேட்பதா? ஓடும்போதே மாற்றினால், க்யூட் ஒவ்வொரு உறுப்புக்கும் மொழி மாறிய செய்தியை அனுப்பும்; வடிவமைப்பியில் வரைந்த சொற்களைப் புதுப்பிக்கும் செயல்பாட்டை அப்போது அழைத்தால் அவை மாறிவிடும். ஆனால் நிரல் தானே நிரப்பிய தேதிகள் அதில் சேரா. அட்டவணையில் தேதியைச் சரமாக வைத்திருந்தால் அது பழைய மொழியிலேயே நிற்கும். வரிசைப்படுத்தினால் 10, 2-க்கு முன்னால் வரும். தேதியைத் தேதியாகவே வைத்து, வரையும் நேரத்தில் வடிவமைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. மொழி மாற்றம் அரிதாகிவிட்ட பிறகு, சிறிய அணிக்கு மறுதொடக்கமே போதும் என்பது என் கருத்து. பாதி மாறி பாதி மாறாத திரையைவிட ஐந்து விநாடிக் காத்திருப்பு மேல்.

உள்ளிடும் பக்கம்

காட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தட்டச்சு செய்வதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். அமெரிக்க வரிசையில் காட்டும் நிரல் அதே வரிசையில்தான் வாங்கவும் செய்யும். செவிலியர் 5/6 என்று ஜூன் 5-ஐ நினைத்து எழுதினால் மே 6 பதிவாகும். காட்டும் பிழையை நிரலைத் திருத்திச் சரிசெய்துவிடலாம்; பதிந்த பிழை தரவுத்தளத்திலேயே உட்கார்ந்துவிடும். இரண்டு இலக்க ஆண்டு இன்னும் மோசம். க்யூட் அதை இயல்பாக 1900-களில் வைக்கும். 23 என்று எழுதினால் 1923. குழந்தைகள் மருத்துவமனையில் நூறு வயதுக் குழந்தை.

லிப்ரெஆபிஸ் ஏற்கும் வடிவங்களுக்குத் தனிப் பெட்டி வைத்திருப்பதன் அருமை இங்கே புரிகிறது. காட்டுவது வேறு, ஏற்பது வேறு. நாங்கள் உள்ளீட்டுக்கு எந்த மொழியிலும் நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என்ற வரிசையை மட்டும் ஏற்கிறோம். தட்டச்சு முடிந்ததும் பக்கத்திலேயே மாதப் பெயரும் கிழமையும் தெரியும்.

ஒருமுறை வடிவமைத்த சரத்தைத் திரும்பத் தேதியாகப் படிக்கவும் கூடாது. வட்டாரத் தரவு பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஜாவா 9-இல் இயல்புநிலைத் தரவு சிஎல்டிஆருக்கு மாறியபோது பல நிரல்களின் தேதி வடிவம் ஒரே இரவில் வேறானது. 2023-இல் வந்த ஜாவா 20-இல், அமெரிக்க ஆங்கில நேரத்தில் பொழுதுக் குறிக்கு (AM/PM) முன்னிருந்த சாதாரண இடைவெளி, உடையாத குறுகிய இடைவெளியாயிற்று. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. படிக்கும் நிரல்கள் தடுக்கி விழுந்தன.

இப்போது எங்கள் சோதனைத் தேதிகளில் எதிலும் நாள் எண் 12-ஐத் தாண்டுவதில்லை. ஒவ்வொன்றையும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அச்சிட்டு, மொழி மாற்றி மறுபடி அச்சிட்டு, மென்பொருள் எழுதாத ஒருவரிடம் கொடுத்து எந்த நாள் என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். திருத்தத்தை நிறுவிய வாரத்தில், ஆங்கிலத் திரையில் அச்சான பழைய அட்டைகளைப் பதிவிலிருந்து எடுத்து, நாளும் மாதமும் இடம் மாறக்கூடிய தேதி உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் மருத்துவமனையினர் தொலைபேசியில் சரியான நாளைச் சொன்னார்கள், கிழமையோடு.